தொண்ணூறு வாத்தியங்களுக்குத் தலைவியான 29 வயதுப் பெண்

லண்டன் நகரில் ஒரு பெரிய மண்டபம் இருக்கிறது. அதன் பெயர் ராயல் ஆல்பர்ட் ஹால். விக்டோரியா மகாராணி தன் கணவர் ஆல்பர்ட்டின் நினைவாகப் பெயர் சூட்டிய மண்டபம் அது. 1871-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. 5 ஆயிரம் பேருக்கு மேல் அதில் கூடலாம்.

2016-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27-ந் தேதி இரவு அங்கே ஒரு கச்சேரி.

மேடையில் வாத்தியக்காரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிடில்காரர்கள் முன்னால். குழல் ஊதுகிறவர்கள் நடுவில். கொம்பு ஊதுகிறவர்களும் முரசு அடிக்கிறவர்களும் பின்னால்.

ஒரு பெண் மேடைக்கு வந்தார். சிறிய உருவம். அவரிடம் வாத்தியம் எதுவும் இல்லை. கையில் இருந்தது மெல்லிய ஒரு கோல்தான்.

கோல் உயர்ந்தது. மண்டபம் அடங்கியது.

கோல் இறங்கியது. வாத்தியங்கள் எல்லாம் ஒரே மூச்சில் முழங்கின!

அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 29. இன்னும் இரண்டே நாளில் 30-வது பிறந்தநாள்.

அவருடைய முழுப்பெயர் மிர்கா கிரஜினீட்டே தீலா. நம் வாயில் எளிதில் நுழையாத பெயர்தான். இங்கிலாந்துக்காரர்களுக்கும் அது சிரமமாகத்தான் இருந்தது. "மிர்கா" என்று சுருக்கிக் கொண்டார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

மேடையில் இருந்தது பர்மிங்காம் நகர சிம்பொனி வாத்திய கோஷ்டி. 1920-ம் ஆண்டில் தொடங்கி, உலகப் புகழ் பெற்ற கோஷ்டி. அதற்குத் தலைமை ஏற்ற முதல் பெண் மிர்கா.

வாசிக்காதவருக்கு என்ன வேலை?

"வாத்தியம் வாசிக்காமல் கையை ஆட்டுவது ஒரு வேலையா? அதற்கு ஒரு சம்பளமா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த சந்தேகம் ஐரோப்பாவிலும் பலருக்கு உண்டு.

ஆங்கிலத்தில் இந்த உத்தியோகத்துக்குக் "கண்டக்டர்" என்று பெயர். பஸ்சில் டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர் அல்ல. ஆனாலும் இருவருக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. அவர் விசில் ஊதாமல் வண்டி நகராது. இவர் கோல் இறங்காமல் பாட்டு நகராது!

நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்துவிடலாம். சிம்பொனி கோஷ்டி அப்படி அல்ல. பெரிய பாட்டு என்றால் எண்பது பேர், தொண்ணூறு பேர் உட்காருவார்கள். முன்வரிசைப் பிடிலுக்கும் கடைசி வரிசை முரசுக்கும் நடுவே பதினைந்து மீட்டருக்கு மேல் தூரம் இருக்கும். சத்தம் ஒரு வினாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். முன்வரிசையில் எழும் ஒலி பின்வரிசைக்குப் போய்ச் சேர வினாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகிவிடும். முரசு அடிக்கிறவர் பிடிலைக் காதால் கேட்டு அடித்தால், அவர் அடி பிந்திவிடும். காதை நம்பினால் பிசகு. கண்ணைத்தான் நம்பவேண்டும். அதற்காகத்தான் எல்லோருக்கும் தெரியும்படி ஒருவர் நடுவே நிற்கிறார்.

வலது கை காலக்கணக்குச் சொல்லும். நான்கு தட்டுள்ள தாளம் என்றால் கோல் முதலில் கீழே வரும். பிறகு இடதுபுறம் போகும். பிறகு வலதுபுறம். நான்காவதற்கு மேலே ஏறும். இடது கைக்கு வேறு வேலை. "மெதுவாக", "இன்னும் உரக்க", "குழல்காரரே, இப்போது உங்கள் முறை" என்பதை எல்லாம் வாய் திறக்காமல் அது சொல்லும்.

இது வெளியே தெரியும் வேலை. தெரியாத வேலைதான் பெரிது.

பிடில்காரர் முன்னால் உள்ள தாளில் பிடிலுக்கு உரிய வரி மட்டுமே இருக்கும். முரசுக்காரர் தாளில் முரசின் வரி மட்டும். தலைவரின் புத்தகத்தில் எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சாகி இருக்கும். ஒரு பக்கத்தில் இருபது வரிக்கு மேல் இருப்பதும் உண்டு. அத்தனையையும் ஒரே பார்வையில் படித்து, மனதுக்குள் கேட்கவேண்டும். ஒத்திகையில் தொண்ணூறு பேர் வாசிக்கும்போது, இரண்டாவது கொம்பில் ஒரு சுரம் இறங்கிவிட்டது என்று கண்டுபிடிக்கவேண்டும். அதை அவர் மனம் நோகாமல் சொல்லவும் வேண்டும். எதிரே இருப்பவர்களில் பலர் தலைவர் பிறப்பதற்கு முன்பே வாத்தியத்தைக் கையில் எடுத்தவர்களாக இருப்பார்கள்!

அந்தக் காலத்தில் கோலுக்குப் பதிலாகப் பெரிய கழியைத் தரையில் தட்டி தாளம் காட்டுவதும் உண்டு. பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் அரண்மனையில் லுல்லி என்று ஒரு சங்கீத மேதை இருந்தார். 1687-ம் ஆண்டில் அரசர் நோயிலிருந்து பிழைத்ததற்காக ஒரு கச்சேரி நடத்தினார். வேகத்தில் கழியைத் தன் கால் மீதே போட்டுக்கொண்டார். புண் புரையோடியது. அதிலேயே உயிரை விட்டார். இப்போதைய கோல் பென்சிலைவிட மெல்லியது. அதனால் ஆபத்து இல்லை.

பாட்டுக் குடும்பம்

மிர்கா இங்கிலாந்துப் பெண் அல்ல. அவர் பிறந்தது லிதுவேனியா நாட்டின் தலைநகரான வில்னியஸ் நகரில். 1986-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி.

லிதுவேனியா வட ஐரோப்பாவில் பால்டிக் கடலோரம் உள்ள சின்ன நாடு. மொத்த ஜனத்தொகை 30 லட்சம்கூட இல்லை. மிர்கா பிறந்தபோது அது சோவியத் ரஷியாவின் பிடியில் இருந்தது.

அந்த நாட்டு மக்களுக்குப் பாட்டு என்றால் உயிர். 1924-ம் ஆண்டில் தொடங்கி அங்கே பாட்டுத் திருவிழா நடக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மேடையில் நின்று சேர்ந்து பாடுவார்கள். சொந்தக் கொடி ஏற்ற முடியாத காலத்தில் சொந்தப் பாட்டு அவர்களுக்குக் கொடியாக இருந்தது.

1989-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி லிதுவேனியா, லாத்வியா, எஸ்தோனியா ஆகிய மூன்று நாட்டு மக்களும் சாலையில் இறங்கினார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சங்கிலி சுமார் 600 கிலோமீட்டர் நீண்டது! ஏறக்குறைய 20 லட்சம் பேர் அதில் நின்றதாகச் சொல்வார்கள். 1990-ம் ஆண்டு மார்ச்சு மாதம் லிதுவேனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. அடுத்த ஜனவரியில் வில்னியஸ் தெருக்களில் சோவியத் டாங்கிகள் வந்தன. டெலிவிஷன் கோபுரத்தைக் காக்க ஜனங்கள் வெறுங்கையோடு கூடினார்கள். 14 பேர் உயிர் இழந்தார்கள். ஆனாலும் சுதந்திரம் நிலைத்தது. துப்பாக்கி ஏந்தாமல் பாடிப் பாடியே நடத்திய அந்தப் போராட்டத்துக்குப் "பாட்டுப் புரட்சி" என்றே சரித்திரத்தில் பெயர்.

அப்போது மிர்கா நாலு வயதுக் குழந்தை.

குடும்பமும் பாட்டுக் குடும்பம். தகப்பனார் பாடகர் குழு ஒன்றின் தலைவர். தாயார் பியானோ வாசிப்பவர். பாட்டி பிடில் வாசித்தவர். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண்ணை மூன்று வயதிலேயே பியானோ முன் உட்கார வைத்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்?

இல்லை. மிர்காவுக்கு முதலில் கற்றுக்கொடுக்கப்பட்டது பிரெஞ்சு மொழியும் சித்திரமும்தான்.

பெண்ணுக்கு 11 வயது ஆயிற்று. "எனக்கு சங்கீதம்தான் வேண்டும்" என்று முடிவு செய்தாள். வில்னியஸ் கலைப் பள்ளியில் எந்தப் பிரிவில் சேர்ப்பது? பிடிலும் பியானோவும் சின்ன வயதிலேயே தொடங்கவேண்டிய வித்தைகள். 11 வயதில் போய் நின்றால் காலம் கடந்துவிட்டது என்பார்கள். வாத்தியப் பயிற்சி இல்லாதவருக்கு ஒரே ஒரு பிரிவுதான் மிச்சம் இருந்தது. பாடகர் குழுவை நடத்தும் பயிற்சி!

வேறு வழி இல்லாமல் திறந்த அந்தக் கதவுதான் மிர்காவைப் பிற்காலத்தில் லண்டன் மேடைவரை கொண்டுபோய் விட்டது.

13 வயதில் முதல் தடவையாக ஒரு பாடகர் குழுவை நடத்தினார்.

பிறகு வெளிநாட்டுப் படிப்பு. ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்து சங்கீத சர்வகலாசாலையில் படித்து 2007-ம் ஆண்டில் தேறினார். ஜெர்மனியில் லைப்சிக் நகரிலும், சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரிலும் மேலும் படித்தார்.

இந்த சமயத்தில்தான் பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டார். அதுதான் "தீலா". லிதுவேனிய மொழியில் அதற்கு மவுனம் என்று பொருள்!

கோல் பிடிக்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. மேடையில் இருப்பவர்களில் ஓசை எழுப்பாதவர் அவர் ஒருவர்தானே!

படிப்படியாக...

படித்தவுடன் பெரிய கோஷ்டி கிடைத்துவிடவில்லை. முதலில் ஜெர்மனியில் ஐடல்பர்க் நகரத்து நாடக மன்றத்தில் இரண்டாம் நிலை வேலை. 2012-ம் ஆண்டில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழாவில் இளம் கண்டக்டர்களுக்கான பரிசு கிடைத்தது. சால்ஸ்பர்க், மொசார்ட் பிறந்த ஊர். அந்த ஊர்ப் பரிசு என்றால் சங்கீத உலகம் திரும்பிப் பார்க்கும்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் கோஷ்டியில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. 2014-ம் ஆண்டில் அங்கேயே துணைக் கண்டக்டர் ஆனார். இந்த லாஸ் ஏஞ்சல்ஸ் கோஷ்டிக்கு ஒரு காலத்தில் தலைவராக இருந்தவர் ஓர் இந்தியர். பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா. 1962-ம் ஆண்டில் அவர் அந்தப் பொறுப்பை ஏற்றபோது வயது 26. சின்ன வயதுக்காரர்களை நம்பிப் பெரிய பொறுப்பைக் கொடுப்பது அந்த ஊருக்குப் புதிது அல்ல.

பர்மிங்காமுக்கும் புதிது அல்ல.

தொழிற்சாலை ஊரின் துணிச்சல்

பர்மிங்காம், இங்கிலாந்தின் இரண்டாவது பெரிய நகரம். இரும்பும் கரியும் புகையுமாக வளர்ந்த ஊர். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரங்கள் விலைபோனது அங்கிருந்துதான். சட்டைப் பொத்தானில் இருந்து பேனா நிப்பு வரை செய்து உலகத்துக்கு அனுப்பியது. 19-ம் நூற்றாண்டில் உலகம் எழுதிய எழுத்தில் பெரும்பகுதி பர்மிங்காம் நிப்பால் எழுதியதுதான்.

அந்த ஊர் 1980-ம் ஆண்டில் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. சைமன் ராட்டில் என்ற 25 வயது வாலிபரைத் தன் கோஷ்டிக்குத் தலைவர் ஆக்கியது. அவர் 18 ஆண்டு அங்கே இருந்தார். ஊர்க் கோஷ்டியை உலகக் கோஷ்டி ஆக்கினார். 1991-ம் ஆண்டில் சுமார் 2,200 பேர் உட்காரக்கூடிய புதிய இசை மண்டபமும் கட்டித் திறக்கப்பட்டது. பிற்பாடு ராட்டில், உலகத்தின் தலைசிறந்த கோஷ்டிகளில் ஒன்றான பெர்லின் பில்ஹார்மோனிக்குக்குத் தலைவராகப் போனார்.

அவருக்குப் பின் பின்லாந்துக்காரர் சக்காரி ஓரமோ வந்தார். 2008-ம் ஆண்டில் லாத்வியாக்காரர் ஆந்திரிஸ் நெல்சன்ஸ் வந்தார். அவருக்கும் அப்போது வயது 29-தான். அவரை அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் அழைத்துக்கொண்டது. 2015-ம் ஆண்டில் நாற்காலி காலி ஆயிற்று.

சிம்பொனி கோஷ்டிக்குத் தலைவர் தேடுவது கலியாணத்துக்கு வரன் தேடுவது போன்றது. பத்திரிகையில் விளம்பரம் போட்டு மனு வாங்குவது வழக்கம் இல்லை. பலரை விருந்தாளிகளாக அழைப்பார்கள். ஆளுக்கு ஒரு கச்சேரி நடத்தச் சொல்வார்கள். வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டே எடை போடுவார்கள். ஒத்திகை தொடங்கிய சில நிமிஷங்களிலேயே "இவர் யார்" என்று தெரிந்துவிடும் என்று அவர்கள் சொல்வது உண்டு.

மிர்கா 2015-ம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தடவையாக அந்தக் கோஷ்டியின் முன் நின்றார். அந்த ஒரு கச்சேரியோடு விடவில்லை. உடனே இன்னொரு கச்சேரிக்கு அழைத்தார்கள். அது 2016-ம் ஆண்டு ஜனவரியில் நடந்தது.

பிப்ரவரியில் அறிவிப்பு வந்துவிட்டது. "செப்டம்பர் முதல் மிர்காதான் தலைவர். ஒப்பந்தம் 3 ஆண்டு."

இரண்டே சந்திப்பு! உலகமெங்கும் பேர் எடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இரண்டு கச்சேரியை மட்டும் பார்த்து 29 வயதுப் பெண்ணிடம் கோஷ்டியை ஒப்படைத்தார்கள். தவறிப்போனால் நஷ்டம் சாதாரணம் அல்ல. ராட்டிலும் நெல்சன்சும் சேர்த்துவைத்த பெயர் போய்விடும். மிர்காவுக்கோ, 30 வயதுக்குள்ளேயே "பெரிய இடத்தில் நின்று தோற்றவர்" என்ற பழி வந்துவிடும்.

இந்த நிலையில்தான் அவர் ஆகஸ்டு 27-ந் தேதி ஆல்பர்ட் மண்டப மேடையில் ஏறினார். முதலில் மொசார்ட்டின் "மாயக் குழல்" நாடகத்தின் முகப்பு இசை. கடைசியில் ரஷிய மேதை சைகோவ்ஸ்கியின் நான்காவது சிம்பொனி. அதில் மூன்றாம் பகுதியில் பிடில்காரர்கள் வில்லையே தொடமாட்டார்கள். தந்திகளை விரலால் சுண்டியே வாசிக்கவேண்டும். வேகமான வாசிப்பு. ஒருவர் விரல் ஒரு கணம் முந்தினாலும் கூரை மீது கல் விழுந்ததுபோலத் தனியாகக் கேட்டுவிடும். கோலுக்கு அதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது.

பரீட்சையில் மிர்கா தேறினார்.

முன்னால் போனவர்கள்

மிர்காவுக்கு வழி எளிதாகத் திறந்தது என்று நினைக்கக்கூடாது. அந்தக் கதவைத் தட்டித் தட்டிக் கை சலித்தவர்கள் அவருக்கு முன்னால் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் அந்தோனியா பிரிக்கோ. 1902-ம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் பிறந்தவர். வளர்ப்புப் பெற்றோருடன் சின்ன வயதில் அமெரிக்கா போனார். பிறகு பெர்லின் நகரில் படித்து, 1930-ம் ஆண்டில் பெர்லின் பில்ஹார்மோனிக் கோஷ்டியையே நடத்திக் காட்டினார். 1938-ம் ஆண்டில் நியூயார்க் பில்ஹார்மோனிக் கோஷ்டியை நடத்திய முதல் பெண் என்ற பெயரும் எடுத்தார். பெண்களையே திரட்டி நியூயார்க்கில் ஒரு சிம்பொனி கோஷ்டியும் அமைத்தார்.

இவ்வளவு செய்தவருக்குப் பெரிய கோஷ்டி ஒன்றாவது நிரந்தரமாகக் கிடைத்ததா? கிடைக்கவில்லை. ஒரு தடவை கூப்பிடுவார்கள். கை தட்டுவார்கள். அத்தோடு சரி. டென்வர் என்ற ஊரில் பியானோ சொல்லிக்கொடுத்தும், பொழுதுபோக்குக்காக வாசிப்பவர்களின் கோஷ்டியை நடத்தியும் காலத்தை ஓட்டினார். 1974-ம் ஆண்டில் அவரைப் பற்றி ஒரு படம் வெளிவந்தது. அதன் பிறகுதான் ஊர் அவரைத் திரும்பவும் கண்டுகொண்டது. அப்போது அவருக்கு வயது 70-க்கு மேல்! 1989-ம் ஆண்டில் காலமானார்.

இன்னொருவர் அமெரிக்கப் பெண்மணி மாரின் ஆல்சப். 9 வயதில் ஒரு கச்சேரிக்குப் போனார். பெர்ன்ஸ்டைன் என்ற பிரபல கண்டக்டரைப் பார்த்தார். "நானும் இப்படி ஆவேன்" என்று தன் பிடில் ஆசிரியையிடம் சொன்னார். பெண்கள் அந்த வேலையைச் செய்வதில்லை என்று ஆசிரியை சொல்லிவிட்டார். வீட்டில் அழுதுகொண்டே சொன்னதைத் தகப்பனார் கேட்டார். மறுநாள் காலையில் ஒரு பெட்டியை மகளிடம் கொடுத்தார். திறந்து பார்த்தால் உள்ளே முழுதும் கோல்கள்! இதை ஆல்சப்பே பல தடவை சொல்லியிருக்கிறார்.

அந்த ஆல்சப் 2002-ம் ஆண்டில் இங்கிலாந்தில் போர்ன்மவுத் கோஷ்டிக்குத் தலைவர் ஆனார். 2005-ம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் கோஷ்டி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது, வாத்தியக்காரர்களே பகிரங்கமாக ஆட்சேபம் தெரிவித்தார்கள். வேறு ஆளையும் தேடிப் பார்க்கவேண்டும் என்றார்கள். ஆல்சப் அவர்களை நேரில் கூப்பிட்டுப் பேசினார். 2007-ம் ஆண்டில் பொறுப்பு ஏற்றார். 14 ஆண்டு இருந்தார்!

கோல் பிடிப்பது இருக்கட்டும். உட்கார்ந்து வாசிப்பதற்கே பெண்களுக்கு இடம் இல்லாமல் இருந்தது. பெர்லின் பில்ஹார்மோனிக்கில் முதல் பெண் சேர்ந்தது 1982-ம் ஆண்டில். வியன்னா பில்ஹார்மோனிக் 1997-ம் ஆண்டுவரை எந்தப் பெண்ணையும் உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை. அங்கே முதலில் உறுப்பினரானவர் யாழ் வாசிக்கும் ஒரு பெண்மணி. அவர் புதிதாக வந்தவர் அல்ல. பல ஆண்டுகளாக அந்தக் கோஷ்டியில் கூடவே வாசித்துக்கொண்டிருந்தவர்! சுருதிக்கு ஆண் பெண் தெரியாது. சட்டதிட்டம் எழுதியவர்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

மவுனம் பாடியது

பர்மிங்காமில் மிர்கா வழக்கமான பாட்டுகளோடு நிற்கவில்லை. யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு மேதையின் பாட்டை எடுத்து ஊருக்குச் சொன்னார்.

அந்த மேதை வைன்பெர்க். 1919-ம் ஆண்டில் போலந்து நாட்டில் வார்சா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1939-ம் ஆண்டில் ஹிட்லரின் படை வந்தது. வாலிபரான வைன்பெர்க் நடந்தே கிழக்கே தப்பி ஓடினார். தாய், தகப்பன், தங்கை மூவரும் நாஜிகளிடம் அகப்பட்டு உயிர் இழந்தார்கள். ரஷியாவில் பிழைத்துக் கிடந்தவரை 1953-ம் ஆண்டில் ஸ்டாலின் அரசாங்கம் ஜெயிலில் போட்டது. ஸ்டாலின் இறந்த பிறகு விடுதலை ஆனார். இத்தனை துன்பத்துக்கு நடுவே இருபதுக்கு மேற்பட்ட சிம்பொனிகள் எழுதினார். 1996-ம் ஆண்டில் மாஸ்கோவில் இறந்தார். மேல்நாடுகளில் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

அவருடைய 21-வது சிம்பொனிக்கு "கத்திஷ்" என்று பெயர். இறந்தவர்களுக்காக யூதர்கள் சொல்லும் பிரார்த்தனை அது. வார்சா நகரத்து யூதச் சேரியில் மாண்டவர்களுக்கு அந்தப் பாட்டை அவர் காணிக்கை ஆக்கினார். இடைவெளி இல்லாமல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போகும் பாட்டு. கடைசிப் பகுதியில் வாத்தியங்களுக்கு நடுவே ஒரு பெண் குரல் எழும். அதற்கு வார்த்தை இல்லை. வெறும் குரல் மட்டும்தான்.

மிர்கா பர்மிங்காம் கோஷ்டியையும், பிடில் மேதை கிடான் கிரெமரின் கோஷ்டியையும் ஒன்றாக உட்காரவைத்து இந்தப் பாட்டைப் பதிவு செய்தார். 2019-ம் ஆண்டு மே மாதம் இசைத்தட்டு வெளிவந்தது.

அந்த வார்த்தை இல்லாத பெண் குரல் யாருடையது தெரியுமா?

மிர்காவினுடையதுதான்!

மவுனம் என்று பெயர் வைத்துக்கொண்டவர், பேசாமலே தொண்ணூறு பேரை நடத்துகிறவர், அந்த ஓர் இடத்தில் மட்டும் வாய் திறந்து பாடினார். தகப்பனாரின் பாடகர் குழுவைக் கேட்டு வளர்ந்த பெண் அல்லவா!

இசைத்தட்டு வெளியிடுவதில் ஜெர்மனியின் டாய்ச் கிராமபோன் கம்பெனி மிகப் பழமையானது. 1898-ம் ஆண்டில் தொடங்கியது. அது தனி ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் பெண் கண்டக்டர் மிர்காதான். 2020-ம் ஆண்டில் "கிராமபோன்" என்ற ஆங்கிலப் பத்திரிகை அந்த வைன்பெர்க் இசைத்தட்டை ஆண்டின் சிறந்த இசைத்தட்டாகத் தேர்ந்தெடுத்தது. ஊர் மறந்துவிட்ட வைன்பெர்க்குக்கு, இறந்து 24 ஆண்டு கழித்து வந்த மரியாதை.

தொட்டிலும் கோலும்

2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மிர்காவுக்கு முதல் குழந்தை பிறந்தது. 2020-ம் ஆண்டில் இரண்டாவது குழந்தை. அந்த ஆண்டுதான் கோஷ்டிக்கு நூற்றாண்டு விழா. அந்த ஆண்டுதான் கொரோனா வந்து மண்டபங்களைப் பூட்டியது.

2021-ம் ஆண்டு ஜனவரியில் மிர்கா ஓர் அறிக்கை வெளியிட்டார். 2022-ம் ஆண்டு கச்சேரிப் பருவத்தோடு தலைமைப் பொறுப்பில் இருந்து விலகுவதாகச் சொன்னார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகவே எடுத்த முடிவு. நிர்வாக வேலைகளில் இருந்து விலகி சங்கீதத்தில் மட்டும் மனதைச் செலுத்த விரும்புவதாகக் காரணம் சொன்னார்.

தலைவர் என்றால் கோல் பிடிப்பது மட்டும் அல்ல. அடுத்த ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் என்னென்ன கச்சேரி, எந்தப் பாடகரை அழைப்பது, காலியான இடத்துக்கு யாரை எடுப்பது, நன்கொடைக்கு யாரைப் பார்ப்பது என்று ஓயாத வேலை. கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அது எவ்வளவு பாரம் என்று பெண்களுக்குச் சொல்லவேண்டியது இல்லை.

ராட்டில் 18 ஆண்டு இருந்தார். மிர்கா 6 ஆண்டு. கணக்குப் பார்த்தால் குறைவுதான். ஆனால் கோஷ்டியோடு உறவு முறியவில்லை. விலகிய பிறகும் ஓர் ஆண்டு முதன்மை விருந்தினர் கண்டக்டராக இருந்தார். 2023-ம் ஆண்டில் ஜப்பானியரான கசுக்கி யமடா அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

மலைப்பாறையில் ஒரு மேடை

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மிர்கா மறுபடியும் சால்ஸ்பர்க் விழாவுக்குப் போனார். 12 ஆண்டுக்கு முன் இளம் கண்டக்டராகப் பரிசு வாங்கிய அதே விழா.

இந்தத் தடவை இசை நாடகம். வைன்பெர்க் எழுதிய "இடியட்" நாடகம். ரஷிய எழுத்தாளர் தாஸ்தாயெவ்ஸ்கியின் பிரபல நாவலைத் தழுவியது. அதை நடத்திய மண்டபம் மலையைக் குடைந்து கட்டியது. அந்தக் காலத்தில் குதிரை ஓட்டப் பழகிய இடம். மேடைக்குப் பின்னால் பாறையில் செதுக்கிய மூன்று அடுக்கு மாடங்கள் இன்றும் இருக்கின்றன.

மிர்காவின் முன்னால் வாத்தியங்களோடு உட்கார்ந்திருந்தது எந்தக் கோஷ்டி தெரியுமா? 1997-ம் ஆண்டுவரை ஒரு பெண்ணைக்கூட உறுப்பினராகச் சேர்க்காமல் இருந்த அதே வியன்னா பில்ஹார்மோனிக் கோஷ்டி!

விளக்குகள் மங்கின. கோல் உயர்ந்தது.